ஆளுக்கொரு காது

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் மனைவி படுக்கையறையில், துணி மடிக்கும் மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன் மேல் இரண்டு அகராதிகளை அடுக்கி, அவற்றின் மேல் லேப்டாப்பை வைத்து, எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அவளுடைய தங்கை வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தாள். யாராவது அழைப்புமணியை அமுக்க விரலை நீட்டினால், அமுக்குவதற்குள் கதவைத் திறந்து அந்த விரலைப் பிடித்துக்கொள்வது அவள் பொறுப்பு. பேச்சு சுருக்கென்று இருக்கும் என்பதால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். என் மாமனார், படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் உள்ள பால்கனியில், மடக்கு நாற்காலியில், தெருவைப் பார்த்தபடி. நான் சாப்பாட்டு மேசையில், கையில் பேனாவோடு.

கடிதத்தில் முதலில் யார் யார், எங்கே எங்கே என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும் என்று நான் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சின்ன ஊர், சின்னப் பள்ளிக்கூடம். ஆனால் கடிதம் எழுதுவதில் ஒருவரும் சோடை போனதில்லை. அன்று நடந்ததற்கோ, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் முழுக் காரணம்.

என் மனைவிக்கு அன்று நேர்காணல். வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தமிழில் கையேடு எழுதும் வேலை. "இந்தப் பொத்தானை அமுக்கவும், ஈரக் கையால் தொடாதீர்" என்பது மாதிரி. பாடநூல் அச்சிடும் நிறுவனத்தில் பிழை திருத்துபவளாக இருந்தவள் அவள். அதை மூடியபிறகு பிழைக்குப் பஞ்சமில்லை, திருத்தக் கூலிதான் இல்லை. வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் சாமானை ஓரமாக வைத்துவிட்டுக் கையேட்டை எடுத்துப் பென்சிலால் திருத்திக்கொண்டிருப்பாள். "இதை எழுதினவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்களே" என்று பெருமூச்சு விடுவாள். அப்படி ஒரு வேலையே காலியாக இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. எனக்கும் இல்லை; நான்தான் கேள்வி கேட்டு ஒத்திகை பார்ப்பவன்.

இதற்கு முன் வேறு இடங்களில் இரண்டு நேர்காணல்கள் கெட்டுப்போயிருந்தன. இரண்டையும் கெடுத்தவை கருவிகள். கருவிகளைக் கொண்டுவந்தவர் மாமனார்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடைவீதியில் எலக்ட்ரானிக் கடை வைத்திருக்கும் ஒருவரை எப்போதோ இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிய லிஃப்டிலிருந்து இவர் மீட்டாராம். அந்த நன்றிக்கு, புதிதாக எது வந்தாலும் காட்சிக்கு வைத்ததில் ஒன்றைக் கடைக்காரர் ஒரு வாரத்துக்கு இவரிடம் கொடுத்துவிடுவார். அந்த ஒரு வாரமும் மாமனார் மாமனாராக இருக்க மாட்டார். புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையாகவும், பிள்ளையை நம்பாத பரிசோதகராகவும் ஒரே நேரத்தில் இருப்பார்.

அவருடைய முறை கண்டிப்பானது. முதல் நாள் அறிமுகம். "வீட்டுக்குப் புதுசா வந்தா எல்லாருக்கும் ஒரு வணக்கம் வெக்கணும், மாப்பிள்ளை. நீங்களே வெச்சீங்கள்ல?" என்பார். ஆகவே வந்த கருவியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளோடும் ப்ளூடூத்தில் இணைத்துவிடுவார்: எல்லார் போன், லேப்டாப், டிவி, எதிர்வீட்டார் கேட்காமலே அவர்கள் ஸ்பீக்கர். அடுத்தடுத்த நாட்களில் பாக்கெட் சோதனை, படுக்கைச் சோதனை, மாடிப்படிச் சோதனை. வாரக் கடைசியில் தீர்ப்பு. தீர்ப்பை அவர் சொல்லச் சொல்ல நான் கடிதமாக எழுதி, வேறோர் ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு அனுப்ப வேண்டும்.

ஏனென்றால் என் அப்பாவுக்கும் இதே பைத்தியம். சம்பந்திகள் இருவரும் முன்பு இதைப் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் எந்தப் போனின் கேமரா உசத்தி என்று பேச்சு வந்து, இருவரும் ஒரே நேரத்தில் கத்தியதில், மற்றவர் கட்சி என்னவென்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு என் அம்மா போட்ட சட்டம்: எதுவானாலும் எழுத்தில்தான். மாமனாரின் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் படிக்க முடியும் என்பதால் பேனா என் கைக்கு வந்தது.

மடங்கும் போனைப் பற்றி மாமனார் எழுதச் சொன்னது: "நன்றாகத் திறக்கிறது, நன்றாக மூடுகிறது. ஆனால் திறந்து மூடுகிற எதுவும் ஒருநாள் பாதியில் நிற்கும். அன்று உள்ளே நான் இருக்க மாட்டேன் என்பது ஆறுதல்." அதற்கு அப்பா தன் புது ஸ்மார்ட் வாட்சைப் பற்றிப் பதில் எழுதியிருந்தார்: "என் இதயம் துடிப்பதாக இது உறுதி செய்திருக்கிறது. எனக்கே லேசாகச் சந்தேகம் இருந்தது."

முதல் நேர்காணலைக் கெடுத்தது, பேசுபவர் முகத்தைப் பார்த்துத் தானே திரும்பும் ஒரு போன் ஸ்டாண்ட். பின்னால் குண்டூசி துண்டோடு குளிக்கப் போனாள். ஸ்டாண்ட் அவள் பின்னாலேயே திரும்பியது. என் மனைவி கேமராவில் தெரிவதற்காக மூன்று கேள்விகளுக்குச் சுவரை ஒட்டிச் சாய்ந்து நின்று பதில் சொன்னாள். இரண்டாவதைக் கெடுத்தது அப்பாவின் வாட்சுக்குப் போட்டியாக மாமனார் வாங்கிவந்து மகள் கையில் கட்டிவிட்ட வாட்ச். "மன அழுத்தத்தை எப்படிக் கையாளுவீர்கள்?" என்ற கேள்விக்கு அவள் "எனக்குப் பதற்றமே வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அது வாய் திறந்து, "துடிப்பு அதிகமாக உள்ளது, மூச்சை இழுத்து விடவும்" என்றது.

ஆகவே மூன்றாவது நேர்காணலுக்கு முதல்நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள்: "நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் இந்த வீட்ல எதுவும் பேசக் கூடாது, மினுக்கக் கூடாது, அதிரக் கூடாது, அப்டேட் ஆகக் கூடாது. எல்லாரும் போனை அணைச்சிடணும். அப்பா, உங்களைத்தான்."

"நான் என்ன பண்ணேன்?" என்றார் மாமனார்.

"இன்னும் பண்ணலை. அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

அந்த வாரம் அவரிடம் இருந்தது ஒரு ஜோடி இயர்பட். கம்பியில்லாதது, கொட்டைப்பாக்கு அளவு. வழக்கப்படி முதல் நாளே எல்லாவற்றுக்கும் வணக்கம் வைத்து முடித்திருந்தது. ஒலி அவருக்குப் பிடித்திருந்தது. குறை ஒன்றுதான்: இதற்குள் பேசும் உதவியாளர் இருக்கிறார், உங்களோடு உரையாடுவார் என்று பெட்டியில் போட்டிருந்தது, ஒரு வாரமாக மாமனார் "வணக்கம்", "யாரும்மா உள்ள?", "சாப்பிட்டாச்சா?" என்று என்னென்னவோ கேட்டும் ஆள் வாய் திறக்கவில்லை. "லிஃப்ட்ல இருக்கற அவசர மணிகூட இதைவிட மரியாதையா பதில் சொல்லும்" என்றார்.

நேர்காணல் காலையில் அவர் மகளுக்கு முன்னால் வந்து நின்று, போனை அணைத்துத் திரையைக் காட்டினார். பிறகு, "நான் எதையும் கேக்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன். காதையே அடைச்சுக்கறேன்" என்று இரண்டு இயர்பட்டையும் பஞ்சு மாதிரிக் காதில் செருகிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். மகளுக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. போன் அணைந்துவிட்டால் அந்த இயர்பட், தனக்குப் பழக்கமான வேறு யார் விழித்திருக்கிறார்கள் என்று தேடும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அப்போது விழித்திருந்தது லேப்டாப் ஒன்றுதான். நடுவில் ஒற்றைச் சுவர்.

நான் பாதியில் விட்டிருந்த வாரக் கடிதத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வணக்கம்... ஹலோ... கேக்குதுங்களா?" என்று மெதுவாக.

அதே நேரத்தில் பால்கனியிலிருந்து மாமனார்: "வணக்கம்மா, வணக்கம்! அப்பாடா, ஒருவழியா வாய் திறந்தியே!"

குண்டூசி செருப்பு அலமாரியிலிருந்து தலையை நீட்டினாள். "அத்தான், அப்பா யார்கிட்ட பேசறாரு? போனை அணைச்சிட்டாரே."

"இயர்பட்ல ஒரு அம்மா இருக்காங்களாம். இன்னைக்குத்தான் முழிச்சிருக்காங்க போல."

"நல்ல நாள் பார்த்தாங்க."

"என்னைப் பத்தியா?" என்றார் மாமனார். நாற்காலி முனகும் சத்தம் கேட்டது, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "என்னைப் பத்திச் சொல்றதுன்னா... எங்க ஆரம்பிக்கறது? யாரும் கேட்டதில்லையே. நான் லிஃப்ட் மெக்கானிக்மா. நம்ம ஊர்ல உசரமான கட்டடம் எல்லாம் என் கை பட்டதுதான். எல்லாரையும் மேல ஏத்தி விட்டேன், நான் படியிலதான் போனேன். லிஃப்ட் நின்னாத்தானே என்னைக் கூப்பிடுவாங்க."

நன்றாகத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் எழுதினேன்.

"வேலையை ஏன் விட்டேனா? நான் எங்கம்மா விட்டேன்? வயசாச்சுன்னு அவங்கதான் விட்டாங்க."

படுக்கையறையில் மனைவி, "சத்தம் வரலைங்க. ஒரு நிமிஷம்" என்றாள்.

"பலமா? எனக்கா? கேபிள் இழுக்கற சத்தத்தை வெச்சே எந்த மாடியில கோளாறுன்னு சொல்லிடுவேன்."

"அத்தான்," என்றாள் குண்டூசி, "அப்பா தன்னோட பலத்தை எல்லாம் சொல்றாரு. கவலைப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"பலவீனமா? முழங்கால்."

என் பேனா நின்றது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள். பலம். பலவீனம். இதே வரிசையில்தான் பத்து நாளாக நான் என் மனைவியை ஒத்திகை பார்த்திருந்தேன். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். பதில்தான் தெரியாது.

"அஞ்சு வருஷம் கழிச்சா?" என்று மாமனார் சிரித்தார். "இருந்தா இங்கதான் இருப்பேன், பால்கனியில. இல்லாட்டி மேல. அங்க லிஃப்ட் உண்டா, படிதானான்னு தெரியலை."

பால்கனிக்கு ஓடினேன். அவர் காதில் நீல விளக்கு நிதானமாக மினுங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஏற்கெனவே ஒரு பெண்ணின் முகத்திலிருந்து ஓர் ஆணின் குரல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது ஆணும் சேர்ந்தால் அவர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். சைகை காட்டினேன். காதைத் தொட்டேன், படுக்கையறையைக் காட்டினேன், வாயைப் பொத்தினேன். முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதுபோல் அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

திரும்ப ஓடி, ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கை தன் வழக்கத்தை விடவில்லை. வலது மேல் மூலையில் தேதி. இடப்பக்கம், "மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, வணக்கம். இங்கு நலம்." இங்கு என்ன நலம் என்று அப்போதுதான் உறைத்தது. அதை அடித்துவிட்டு, "தங்கள் காதில் கேட்பது கருவி அல்ல, தங்கள் மகளின் நேர்காணல்" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் அதை வாங்கி, கை நீளும் தூரம் வரை நீட்டிப் பிடித்தார். கண்ணாடி உள்ளே டிவி மேல் இருந்தது.

"ஒரு நிமிஷம்மா. மாப்பிள்ளை ஏதோ கடுதாசி குடுக்கறாரு. எதிர்லதான் நிக்கறாரு, வாயால சொன்னா என்னவாம்? நல்ல பிள்ளைதான். எல்லாத்தையும் எழுதித்தான் குடுப்பாரு. என் பொண்ணைப் பிடிச்சிருக்குன்னுகூட தேதி போட்டு எழுதித்தான் குடுத்தாரு."

படுக்கையறைக் கதவு திறந்தது. என் மனைவி லேப்டாப்பைத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள்: சுருட்டை முடி வைத்த ஓர் அம்மா, பின்னால் பெரிய தொட்டிச்செடி வைத்திருந்த ஒரு மனிதர். இருவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

அவள் திரையைப் பார்த்தாள். அப்பாவின் வாயைப் பார்த்தாள். அப்பாவின் காதைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இந்த வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். மாமனாரும் மகளைப் பார்த்தார், திரையில் வாய் அசைவதைப் பார்த்தார், காதில் கேட்டதோடு அது ஒத்துப்போவதைப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்குக் கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது.

"ஐயோ, உன்னோடதா?" என்றார், மிகச் சின்னக் குரலில். உடனே இரண்டையும் கழற்றப்போனார்.

"கழட்டாதீங்கப்பா. அணைச்சா திரும்ப எங்க போய் ஒட்டும்னு யாருக்குத் தெரியும்?" அவள் ஒரு காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்தாள். "ஒண்ணை மட்டும் குடுங்க."

"எதை?"

"காதை."

அவர் வலது காதிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். அவள் செருகிக்கொண்டாள்.

"வணக்கம்," என்றாள் திரையைப் பார்த்து. "இதுவரைக்கும் பேசினது எங்கப்பா. பலவீனம் முழங்கால்னு குறிச்சிருந்தா அடிச்சிடுங்க. என் முழங்கால் நல்லா இருக்கு. என் பலவீனம், மத்தவங்க எழுதினதைப் படிக்கும்போது கை பென்சிலைத் தேடும்."

எனக்கு அவர்கள் பக்கம் கேட்கவில்லை. ஆனால் அவள் பேசப் பேச, அந்த அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்தது தெரிந்தது. மாமனார் இடது காதால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாய்மேல் ஒரு விரலை வைத்துத் தன்னைத் தானே காவல் காத்துக்கொண்டிருந்தார். பிறகு செடிக்காரர் நீளமாக ஏதோ கேட்டார். மனைவி அதை எங்களுக்காகத் திருப்பிச் சொன்னாள்.

"இன்னைக்கு இங்க நடந்தது வேற வீட்ல நடக்காம இருக்க, இந்த இயர்பட்டோட கையேட்டில ஒரே ஒரு வரி சேர்க்கணும்னா என்ன எழுதுவேன்னு கேக்கறீங்க."

அவள் யோசித்தாள். தெருவில் யாரோ காலித் தண்ணீர்க் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள். குண்டூசிகூட அலமாரியை விட்டு வந்து பால்கனிக் கதவருகே நின்றிருந்தாள்.

"காதில் மாட்டும் முன், இது யாரோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்."

விரலை மீறிக்கொண்டு மாமனார் சொன்னார்: "முன்னாடி ஒரு 'தயவுசெய்து' போடும்மா."

"எச்சரிக்கையில தயவுசெய்து போடக் கூடாதுப்பா. கெஞ்சற மாதிரி ஆயிடும்."

அவர் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். "சரிதான். 'கதவில் சாயாதீர்'னுதான் நாங்களும் எழுதுவோம். தயவுசெய்துன்னு போட்டா சாய்வான்."

திரையில் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேர்காணல் முடிந்தது. மகள் கோபிக்காதது மாமனாருக்குக் கோபித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் அவர் இயர்பட்டை அதன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே கேட்டார், "அப்ப அது என்னைக் கேக்கலை, இல்லையா?"

"இல்லப்பா. என்னைத்தான் கேட்டாங்க."

"ம்." பெட்டியை மூடினார். "நல்லாத்தான் கேட்டாங்க."

பதில் வருவதற்கு நாலைந்து நாளானது. அதுவரை யார் போன் முனகினாலும் நால்வரும் எட்டிப் பார்த்தோம். ஒருநாள் அவள் அடுப்படியிலிருந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். குண்டூசி அதைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். வேலை கிடைத்திருந்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். கடைசியில் அந்தச் சுருட்டை முடி அம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?"

"மூணு மாசமா?" என்றார் மாமனார். கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரியான முறைதான். மனுஷங்களுக்கு ஒரு வாரம் பத்தாது. முழங்கால் பரவாயில்லைன்னு எழுதிடு."

அன்றே அவர் என்னைப் பேனாவோடு உட்காரவைத்தார். தீர்ப்பு பாக்கி இருந்ததே. "எழுதுங்க, மாப்பிள்ளை. ஒலி, நன்று. பிடிமானம், சுமார், தும்மினால் கழன்று விழுகிறது. உதவியாளர்..." நிறுத்தினார். குறும்பு எட்டிப் பார்த்தது. "உதவியாளர், மிக மிக நன்று. தானாகவே வணக்கம் சொல்லி, நம்மைப் பற்றி அன்போடு விசாரிக்கிறார்."

"மாமா, அது நேர்காணல்."

"சம்பந்திக்கு அது தெரிய வேண்டாம். உடனே ஒண்ணு வாங்கிக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துடுவாரு பாருங்க. எப்பக் கேக்கும், எப்பக் கேக்கும்னு. உக்காரட்டும்! கேமரா விஷயத்துல என்னை என்ன பேச்சு பேசினாரு!"

அவர் சொன்னபடியே எழுதினேன். தீர்ப்பு அவருடையது, எழுதுபவன் அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் எழுதி முடித்தபிறகு, அப்பா அங்கே எங்கள் வீட்டுத் திண்ணைமேல் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, "யாரும்மா உள்ள?" என்று கேட்டபடி உட்கார்ந்திருப்பது கண்முன் வந்து நின்றது. மாமனார் கண்ணாடியைத் தேடப் போன நேரத்தில் தாளின் அடியில் என் பங்குக்குச் சேர்த்தேன்: "அப்பா, கருவி கேட்கத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். கேள்விகள் இவைதாம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பலம் எது? பலவீனம் எது? ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்? பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் அன்புள்ள மகன்."

மனைவி வந்து தோள்மேலாகப் படித்தாள். கை பென்சிலைத் தேடியது. "சிரமம் பார்க்காமல்" என்ற இரண்டு சொல்லை "எழுதி"க்கு முன்னால் சேர்த்தாள். "இது எச்சரிக்கை இல்ல. கெஞ்சலாம்," என்றாள்.

உறையின் பசை பழையது, ஒட்டவில்லை. மாமனார் கண்ணாடியோடு வந்து கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், லிஃப்ட் பொத்தானை அமுக்குகிற மாதிரி, விடாமல். தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு என்னோடு நடந்துவந்தார். உறையைப் பெட்டியின் வாய்க்குள் விட்டேன். உள்ளே அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும் வரை காத்திருந்தார்.

"கீழ்த்தளம்," என்றார்.